படத்தில் அவர் யாரைப் பார்க்கிறார்?

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான். நாகர்கோவிலுக்கா? நானும் அங்கேதான்.

இல்லை, அழவில்லை. கண்ணில் தூசி. சரி, கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் அழுதேன்தான். பஸ் ஸ்டாண்டிலேயே அழுது முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்கள்.

நான் இப்படி முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறவளே இல்லை. அம்மா கடைக்கு அனுப்பினால், கூட்டம் கலைகிற வரைக்கும் தள்ளி நின்றுவிட்டு, கடைசியில் அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவேன். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என்னை மறுபடி பார்க்கப் போவதில்லை.

நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. கிடைத்துவிட்டால் அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிடுவேன். இப்போது வேலை பார்க்கிற இடத்தில் சொல்லவில்லை. வயிற்றுவலி என்று லீவு கேட்டேன். ஏன் போகிறாய் என்றால், ஒருத்தியால்தான். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையில் வடிவாம்பிகை மகால் என்று ஒரு கல்யாண மண்டபம். அங்கே ஆபீஸில் இருக்கிறேன். முதலாளி பேச்சிமுத்து அண்ணாச்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்கிறேன் என்று என்னை எடுத்தார். ஆனால் வேலை போன் எடுப்பது. யார் யாரோ கூப்பிடுவார்கள். தை மாசம் காலி இருக்கா, எத்தனை பேர் சாப்பிடலாம், ஏசி உண்டா, சமையல்காரரை நாங்களே கொண்டுவரலாமா. போன் மணி அடித்தாலே எனக்குக் கை வேர்க்கும். அதனால்தான் மகாலுக்கு ஒரு இணையதளம் செய்தேன். எல்லாம் அதிலேயே இருந்தால் யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம் இல்லையா?

அழகாக இருக்கும் அக்கா. திறந்தவுடனே மேலேயிருந்து பூ உதிரும். கூடவே நாதஸ்வரம். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் எழும்புமே, சரியாக அந்த இடம். அதைப் பதிவு செய்தது மகாராஜன்.

மகாராஜன் எங்கள் மேனேஜர். மேனேஜர் என்றால் மைக் செட், ஜெனரேட்டர், பந்தியில் தண்ணீர் பாட்டில், மாப்பிள்ளை வீட்டார் சண்டை எல்லாம் அவர்தான். ஒரு முகூர்த்தத்தில் கூட்டத்துக்கு நடுவே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்காமல் அப்படியே நின்றார். பிறகு ஆபீஸில் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "இந்த இடத்துல வெட்டுங்க இசக்கி, யாரோ இருமுதாங்க" என்று சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். முடிந்ததும், "நாம ரெண்டு பேரும் சேந்து செஞ்சது" என்றார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவர் வருகிற சத்தம் கேட்டாலே நான் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன், பிறகு எப்படித் தெரியும்?

இப்படி இருக்கும்போது ஒரு நாள் போன் வந்தது. நான் எடுக்கவில்லை, அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல்.

"வடிவாம்பிகை மகால்தானே? நான் அரை மணி நேரமா உங்க வெப்சைட்டுக்குள்ள உக்காந்து தாலி கட்டிக்கிட்டு இருக்கேன். மேளத்தை நிறுத்துங்கய்யா. தை மாசம் காலி இருக்கான்னு தெரியறதுக்குள்ள எனக்கு மூணு புள்ள பிறந்துரும் போலிருக்கு."

மகாராஜன் சிரித்தார் பாருங்கள். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அவள்தான் ஹெப்சிபா. கண் தெரியாது. கம்ப்யூட்டரில் இருப்பதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும், அதைக் கேட்டுத்தான் வேலை செய்வாள். எங்கள் கெட்டிமேளத்தில் அந்தக் குரல் அவள் காதில் விழவில்லை. தம்பி கல்யாணத்துக்கு மண்டபம் தேடியிருக்கிறாள். அவள் வேலையே, இணையதளங்களைக் கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், கை ஒத்துழைக்காதவர்கள் எல்லாரும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்த்துச் சொல்வது. வீட்டில் இருந்தே பெரிய பெரிய கம்பெனிகளுக்குச் செய்கிறாளாம். எங்கள் போதாத காலம், அவள் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி.

அண்ணாச்சிக்கு விஷயம் போனது. "ஒருத்தர் வந்து கதவைத் தட்டி, தொறக்க முடியாம திரும்பிப் போனா அது மண்டபமாடே? அந்தப் பிள்ளையவே வரச்சொல்லு. என்ன செய்யணும்னு சொல்லட்டும், இசக்கி செஞ்சிருவா" என்றார். இசக்கி செஞ்சிருவாளாம். செய்து வைத்திருந்ததும் இசக்கிதானே அக்கா?

வந்தாள். வெள்ளைக் கோலை மடக்கிப் பைக்குள் வைத்தாள், லேப்டாப்பைத் திறந்தாள். அந்தக் குரல் எவ்வளவு வேகமாக வாசிக்கிறது தெரியுமா, நமக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. அவள் அதையும் கேட்டுக்கொண்டு, எங்களோடும் பேசிக்கொண்டு, மகாராஜன் வாங்கிக் கொடுத்த வடையையும் தின்றாள். நான் வேலைக்குச் சேர்ந்து இத்தனை நாளில் எனக்கு வடை வாங்கித் தந்ததில்லை. நான் ஆபீஸில் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம்.

முதல் வேலை, நாதஸ்வரத்தை எடுக்கச் சொன்னாள். அதுவேதான் முதல் வேலை.

"எடுத்துட்டா மண்டபம்னே தெரியாதே" என்றேன். எனக்கே கேட்காத மாதிரிதான் சொன்னேன். அவளுக்குக் கேட்டுவிட்டது.

"எடுக்காண்டாம்ட்டி. தானாப் பாடக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பட்டன் வை. 'நாதஸ்வரம் கேட்க'ன்னு பேர் போடு. வேணுங்கறவங்க அமுக்கிக் கேக்கட்டும்."

யார் வேலை மெனக்கெட்டு அமுக்குவார்கள்? அப்படித்தான் கேட்டேன். உடனே மகாராஜன், "நான் தினமும் அமுக்குவேன்" என்றார். பார்த்தீர்களா, அவள் சொன்ன பட்டன் என்பதற்காக.

அடுத்து நாட்காட்டி. முகூர்த்த நாளில் காலி இருந்தால் பச்சை, பதிவாகிவிட்டால் சிவப்பு. பார்த்தவுடன் தெரியும். "எனக்குப் பச்சையும் ஒண்ணுதான், செவப்பும் ஒண்ணுதான். எழுத்துல போடு, காலி இருக்கு, காலி இல்லன்னு" என்றாள் அவள். அப்போது அண்ணாச்சி மெதுவாகச் சொல்கிறார், "எனக்கும் அப்படித்தாம்மா. பச்சையும் செவப்பும் பிரிச்சுத் தெரியாது. எம் பொஞ்சாதிக்கே தெரியாது இந்த விஷயம்."

நான் எத்தனை தடவை அவரிடம் அந்த நாட்காட்டியைக் காட்டியிருப்பேன். நல்லா இருக்குட்டி, நல்லா இருக்குட்டி என்பார். மனைவிக்கும் எனக்கும் சொல்லாததை, வந்த அன்றைக்கே அவளிடம் சொல்கிறார். அவளிடம் எல்லாரும் அப்படித்தான் அக்கா. வாய் தானாகத் திறந்துகொள்கிறது. எனக்கு எதிரில் வந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். நானும் மூடிக்கொள்வதால் அறையே நிசப்தமாகிவிடும்.

பொறாமை இல்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவள் மகாராஜனை எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைக்கிறீர்கள்? "ஏலே மகாராஜா." எங்கள் ஊரில் கூடப்பிறந்த தம்பியைக் கூப்பிடுவதுபோல, வந்த இரண்டாவது வாரத்திலேயே ஏலே. அவரும், "என்ன ஹெப்சிக்கா" என்கிறார். அக்காவாம். அக்கா என்று கூப்பிட்டுப் பழகுவதெல்லாம் எதில் போய் முடியும் என்று நாம் பார்த்ததில்லையா?

அப்புறம் படிக்கட்டு. மகாலுக்கு வருகிறவர்களுக்கு உள்ளே எப்படிப் போவது என்று இணையதளத்தில் இருக்க வேண்டும் என்றாள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், கோல் ஊன்றி வருகிறவர்கள் வீட்டிலேயே தெரிந்துகொண்டு வரட்டும் என்று. அண்ணாச்சி, "எழுது இசக்கி" என்றார். நான் எழுதினேன். 'வாசலில் படிகள் உண்டு. சாய்தளம் கிடையாது. சாப்பாட்டு மண்டபம் மாடியில். லிஃப்ட் உண்டு, ஆனால் லிஃப்டுக்குப் போகவும் படி ஏற வேண்டும்.' இதை வாசித்துக் காட்டியதும் அண்ணாச்சி முகம் போன போக்கு. "இதையா ஊரு பூரா படிக்கும்? நல்லாருக்காதே" என்று அங்குமிங்கும் நடந்தார். எழுதியதை மாற்றச் சொல்ல மனசு வரவில்லை, அப்படியே போடவும் மனசு வரவில்லை. மறுநாள் கொத்தனாரைக் கூட்டிவந்து வாசலில் சாய்தளம் கட்ட ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் ஹெப்சியைத்தான் புகழ்ந்தார்கள். எழுதியது நான். அண்ணாச்சியைக் கூச வைத்தது என் வாக்கியம். ஒருவர் சொல்லவில்லை.

அவள் மட்டும் சொன்னாள். அதையும் சொல்லிவிட வேண்டும். "நீ ஒளிவு மறைவு இல்லாம எழுதுதட்டி. படமெல்லாம் நீதான் எழுதணும்" என்றாள்.

படத்தை எழுதுவது என்றால், ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு விவரம் எழுதி வைக்கலாம் அக்கா. கண் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. அந்தக் குரல் அதை வாசிக்கும். முதலில் எல்லாப் படத்துக்கும் 'கல்யாணப் படம்' என்று எழுதிவிட்டேன். "கல்யாணப் படம், கல்யாணப் படம், கல்யாணப் படம். எனக்குத் தெரியாதா, கருமாதிப் படமா போடுவீங்க? என்ன நடக்குன்னு சொல்லுட்டி" என்றாள். அதற்குப் பிறகு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எழுதினேன். மணமேடையில் பெண்ணின் அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைக்கிறார், மாப்பிள்ளை அதைப் பார்க்காததுபோல் மாலையைச் சரிசெய்கிறார். பந்தியில் ஒரு சிறுமி அப்பளத்தை வலது கையில் மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டி இன்னொன்று கேட்கிறாள். இப்படி. அவள் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். ஒன்றிரண்டை மகாராஜனுக்கும் போட்டுக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. "இதெல்லாம் இசக்கி எழுதினதா?" என்று கேட்டார். நம்பவில்லை போலிருக்கிறது.

அதற்கப்புறம்தான் போன் ஆரம்பித்தது. வேலை முடிந்து ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் நின்று அவளிடம் பேசுவார். ஒட்டுக் கேட்கிறவள் இல்லை நான். தண்ணீர் பிடிக்கப் போனேன். "இல்ல ஹெப்சிக்கா, எனக்குத் தைரியம் இல்ல. நேர்ல பாத்தா வாய் வரமாட்டேங்கு. நீங்களே எப்படியாவது..." என்கிறார். குடம் நிறைந்து வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். நாள் பூராவும் அவளிடம் வாய் ஓயாமல் பேசுகிறார். அப்புறம் என்ன நேரில் பார்த்தால் வாய் வரவில்லை? அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. அதுதானே அர்த்தம்? ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

சாய்தளம் கட்டி முடிந்த அன்று எல்லாரும் நின்று ஒரு படம் எடுத்தோம். இணையதளத்தில் முதல் பக்கத்தில் போட. அண்ணாச்சி, மகாராஜன், ஹெப்சி, நான். அந்தப் படத்துக்கும் நான்தானே எழுத வேண்டும்? பெரிதாக்கிப் பார்த்தேன். மகாராஜன் காமிராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்கிற அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எழுதாமல் விட்டிருக்கலாம். 'நால்வர் நிற்கிறார்கள்' என்று எழுதியிருக்கலாம். ஆனால் அவள்தானே ஒளிவு மறைவு இல்லாமல் எழுதச் சொன்னாள்? எழுதினேன். அவள் மட்டும்தான் கேட்கப்போகிறாள், கேட்கட்டும், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியட்டும், என்று எழுதினேன்.

போன சனிக்கிழமை. இணையதளம் முழுக்கத் தயாராகிவிட்டது. அண்ணாச்சி, "எப்படி வாசிக்குன்னு நாங்களும் கேக்கோம்மா" என்றார். அவள் பெரும்பாலும் காதில் மாட்டித்தான் கேட்பாள். அன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டாள். குரலையும் எங்களுக்காக மெதுவாக ஓடவிட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் அந்தக் குரல், கூட்டிப் பெருக்கச் சொல்கிற மாதிரி ஒரு குரலில், வாசிக்கிறது.

'புதிய சாய்தளத்தின் முன் நால்வர். உரிமையாளர் பேச்சிமுத்து கைகட்டி நிற்கிறார். மேலாளர் மகாராஜன் தலை நிமிர்ந்து, காமிராவைப் பார்க்காமல், தன் பக்கத்தில் நிற்கும் ஹெப்சிபாவையே பார்த்துப் புன்னகைக்கிறார். ஹெப்சிபாவுக்கு இது தெரியாது. இசக்கி ஓரத்தில் நிற்கிறார்.'

அண்ணாச்சி, "என்னடே இது?" என்றார். மகாராஜன் காதெல்லாம் சிவந்துபோய், "ஜெனரேட்டருக்கு டீசல் பாக்கணும்" என்று எழுந்து போய்விட்டார். கரண்ட் இருக்கிற நேரத்தில் என்ன டீசல்? குட்டு வெளிப்பட்டுவிட்டது, வேறென்ன.

அவளுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வர வேண்டாமா? கேள்வி கேட்கிறாள்.

"ஏட்டி, தலை நிமிர்ந்துன்னு எழுதியிருக்கியே, நெசமாவா?"

"ஆமா."

"குனியலியே?"

"இல்ல."

"நான் அவனுக்கு எதுவரைக்கும் இருப்பேன்?"

"சட்டைப் பை வரைக்கும்."

"எனக்கு அந்தால, அந்தப் பக்கம் யாரு நிக்கா?"

"நான்தான்."

உடனே ஒரு சிரிப்பு. அண்ணாச்சியும் சிரிக்கிறார், எதற்கென்று தெரியாமல் என்று நினைக்கிறேன். "இன்னொரு தடவை நல்லாப் பாத்துட்டு எழுதுட்டி" என்றாள். பார்த்தீர்களா ஆசையை? ஒரு தடவை கேட்டது போதவில்லை. அவர் அவளைப் பார்க்கிற அழகை நான் திரும்பத் திரும்பப் பார்த்து, இன்னும் விவரமாக எழுதித் தர வேண்டுமாம். அன்றைக்குத்தான் இந்த நாகர்கோவில் வேலைக்கு எழுதிப் போட்டேன். அவரும் அதற்கப்புறம் என் மேஜைப் பக்கமே வரவில்லை. அவளே இருக்கட்டும் அந்த மகாலில். எனக்கு என்ன.

படமா? போனில் இருக்கிறது. இருங்கள். இதோ.

வெயில் அடிக்கிறதா? இப்படிச் சாய்த்துப் பிடித்தால்? இப்பவும் தெரியவில்லையா? சரி, கொடுங்கள், நானே சொல்கிறேன். எனக்குப் பழக்கம்தானே.

இந்தக் கடைசியில் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி. சாய்தளத்தை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுபோல் முன்னால் நிற்கிறார். அடுத்து மகாராஜன். நீலச் சட்டை. அடுத்தது அவள். நல்ல சேலைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். கோலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள். அதற்கடுத்து நான். நான் உயரம் இல்லையா, அதனால் எப்போதும் ஓரத்தில் நின்றுகொள்வேன். மகாராஜன் அளவுக்கு இருப்பேன், ஒரு விரல்கடை குறையும். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர் முகம் அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. தலை குனியவில்லை, நிமிர்ந்துதான் இருக்கிறது. அவள் தலை இதோ இங்கே, அவர் சட்டைப் பைக்கு நேராக. அவர் கண் இங்கே. பார்வை அப்படியே நேராக வருகிறது. அவளுடைய வகிட்டுக்கு மேலே...

இருங்கள் அக்கா.

வகிட்டுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் வருகிறது. அவளைத் தொடவே இல்லை. தாண்டி வருகிறது. வந்து...

அங்கே என் காதுதான் இருக்கிறது.

ஏன் சிரிக்கிறீர்கள்? முதலிலேயே தெரிந்துவிட்டதா உங்களுக்கு? எங்கே, குடம் வழிந்தபோதா? சொல்லக் கூடாதா?

எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் இதை. அவள் முகத்தைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்க்கவே இல்லை. அவள் ஒரே ஒரு தடவை காதால் கேட்டாள். நான்கு கேள்வி கேட்டாள். முடிந்தது.

இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள். அவர் என்னைப் பார்த்ததைக்கூட அவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். எனக்கு முன்னால், என் படத்தில், என் எழுத்தில். இதையாவது எனக்கென்று விட்டு வைத்திருக்கலாம் இல்லையா?

அடுத்து நாங்குநேரிதானே? அங்கே இறங்கினால் பாளையங்கோட்டைக்கு உடனே பஸ் கிடைக்குமா? கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள் அக்கா. போனவுடன் முதல் வேலை, அவளிடம் சண்டை போட வேண்டும்.